ஒரே ஒரு நாள், நான்கு பட்டறை ஊர்கள்: கும்பகோணத்தைச் சுற்றி எங்கே போகலாம்?

கும்பகோணத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கோயில் பட்டியலோடு வருகிறார்கள். வர வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோயில்களில் நாம் கும்பிடும் செப்புத் திருமேனி, சந்நிதியில் எரியும் குத்துவிளக்கு, சாமி புறப்பாட்டில் முன்னே போகும் நாகசுரம், அம்மனுக்குச் சாத்தும் பட்டு எல்லாமே இன்றைக்கும் இதே வட்டாரத்தில்தான் கையால் உருவாகின்றன. சிலைக்குச் சுவாமிமலை, விளக்குக்கு நாச்சியார்கோவில், நாகசுரத்துக்கு நரசிங்கம்பேட்டை, பட்டுக்குத் திருபுவனம். நான்கும் கும்பகோணத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இவற்றில் எதற்குப் போவது என்று உறவினர்களும் நண்பர்களும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். தூரத்தைப் பார்த்தால் முடியும். ஆனால் அப்படிப் போகிறவர்கள் நான்கு கடைகளைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு பட்டறையில் வேலை எப்படி நடக்கிறது என்பது கண்ணுக்குப் பழகவே அரை மணி நேரம் பிடிக்கும். முதலில் எல்லாம் ஒரே தூசியும் சத்தமுமாகத் தெரியும். பிறகுதான் யார் எதைச் செய்கிறார், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு எது போகிறது என்று விளங்கத் தொடங்கும். அதற்குள் காரில் ஏறிவிட்டால் வந்ததில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

எந்த ஊர் என்பதை முடிவு செய்ய, அன்றைக்கு அந்த ஊரில் எந்த வேலை நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பழைய தொழிற்கூடங்களைப் பார்வையாளர்களுக்கென்றே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தின் கில்பெகன் ஊரில் 1757-ஆம் ஆண்டில் தொடங்கிய விஸ்கி வடிப்பாலை ஒன்று இருக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் வழிகாட்டி ஒருவர் பழைய தண்ணீர்ச் சக்கரத்திலிருந்து மரப்பீப்பாய் வரை வரிசையாகக் காட்டி முடிப்பார். என்று போனாலும் காட்சி ஒன்றுதான். நம் ஊர்ப் பட்டறைகளில் டிக்கெட்டும் கிடையாது, நேரப்பலகையும் கிடையாது. அவை பிழைப்புக்காக நடக்கும் பட்டறைகள். வார்ப்பு என்றைக்கோ அன்றைக்குத்தான் வார்ப்பு. அதனால் திட்டமிடும் பொறுப்பு முழுவதும் போகிறவர்களுடையது. அதற்குப் பதிலாக, பார்வையாளருக்காக நடத்திக் காட்டப்படாத உண்மையான வேலை கண்ணெதிரே நடக்கும்.

சுவாமிமலையிலிருந்து தொடங்குகிறேன். கும்பகோணத்துக்கு மேற்கே, தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கும் ஊர். முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் அறுபது படிகள் ஏறித் தரிசனம் செய்துவிட்டு இறங்கினால், பக்கத்துத் தெருக்களிலேயே ஸ்தபதிகளின் பட்டறைகள்.

இங்கே செய்வது மெழுகை இழந்து உலோகத்தைப் பெறும் முறை. தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முழு உருவத்தையும் முதலில் செய்துவிடுகிறார்கள். அளவுக்கு அங்கே அடிக்கோல் இல்லை. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, சிற்ப நூல் சொல்லும் கணக்கில் மடித்து மடித்து அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். உத்தம தச தாலம் என்ற அளவில் உருவத்தின் உயரம் 124 பங்கு. முகத்துக்கு எத்தனை, கழுத்துக்கு எத்தனை, தொடைக்கு எத்தனை என்பதெல்லாம் அந்த ஒரு ஓலைத்துண்டில் அடங்கிவிடும். சிலை அரையடியாக இருந்தாலும் ஆறடியாக இருந்தாலும் ஓலையின் நீளம்தான் மாறும். மடிப்புக் கணக்கு மாறாது.

மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலை நைசாகக் குழைத்து முதல் பூச்சு பூசுகிறார்கள். இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்கு அந்த மண் ஒரு பெரிய காரணம். மெழுகில் கீறியிருக்கும் மிக மெல்லிய நகைக் கோட்டைக்கூட வண்டல் அப்படியே வாங்கிக்கொள்ளும். அதன் மேல் மணல் கலந்த கனமான மண் பூச்சுகள். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். பிறகு இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி, வறட்டி அடுக்கித் தீ மூட்டினால் மெழுகு உருகித் துளை வழியே வெளியே வந்துவிடும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் மிஞ்சும். அதில்தான் உலோகம் வார்க்கப்படும். எவ்வளவு உலோகம் தேவை என்பதை மெழுகின் எடையை வைத்தே கணக்கிட்டுவிடுகிறார்கள். மெழுகின் எடையைப் போல் எட்டு ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். பஞ்சலோகம் என்றாலும் பெரும்பகுதி செம்பு. பித்தளையும் ஈயமும் சேரும். வெள்ளியும் தங்கமும் சிறிதளவே.

வார்ப்பு நாளன்று போக முடிந்தால் அது ஒரு பாக்கியம். மண் அச்சைக் குழிக்குள் நிறுத்தி, சுற்றிலும் மண்ணைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். வாய் மட்டும் மேலே தெரியும். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், கொதிக்கும் உலோகத்தின் மேல் பச்சை கலந்த சுடர் ஆடும். இரண்டு பேர் நீண்ட இடுக்கியால் மூசையைத் தூக்கி வரும்போது பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள். நூல் பிடித்த மாதிரி ஒரே ஓட்டமாக, அறுபடாமல் உலோகம் உள்ளே இறங்க வேண்டும். இடையில் ஓட்டம் நின்றால் சிலைக்குள் ஒட்டு விழுந்துவிடும், வாரக்கணக்கில் செய்த வேலை வீண். துளையின் விளிம்பு வரை உலோகம் ததும்பி நின்றதும் ஸ்தபதி தலையை அசைப்பார். அப்போதுதான் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள். பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். அதே போல் இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடியும் மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2023-இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நிறுவிய 27 அடி நடராஜர், ஏறக்குறைய 18 டன் எடையில், எட்டு உலோகக் கலவையில், இதே ஊரில் இதே முறையில் வார்க்கப்பட்டவர்தான். சோழர் காலத்துக் கை இன்னும் ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், வார்ப்பு தினமும் நடப்பதில்லை. மெழுகு உருவங்கள் சேர வேண்டும், அச்சுகள் காய வேண்டும், பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். முன்னறிவிப்பில்லாமல் போனால் மெழுகு வேலையையும், வார்த்து முடித்த சிலையை உளியாலும் அரத்தாலும் சீர் செய்யும் வேலையையும்தான் பார்க்கலாம். அதுவும் பார்க்க வேண்டியதுதான். சூடான இரும்புக் குச்சியின் நுனியால் மெழுகைத் தொட்டுத் தொட்டு ஒரு விரலை வளைப்பதை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆனால் முதல் தடவை வருகிறவருக்கு, அதுவும் பிள்ளைகளோடு வருகிறவருக்கு, வார்ப்பு இல்லாத சுவாமிமலை பாதிச் சுவாமிமலைதான்.

அதனால் தொலைபேசியில் பேசும்போதே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். "ஐயா, வணக்கம். நாங்கள் ஐந்து பேர், வேலையைப் பார்க்க வருகிறோம். இந்த வாரம் வார்ப்பு உண்டா?" என்று கேட்டால் போதும். "வியாழக்கிழமை வைத்திருக்கிறோம், காலையிலேயே வந்துவிடுங்கள். மழை பிடித்தால் தள்ளிப்போகும், புதன்கிழமை ராத்திரி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்பது போல் பதில் வரும். வாங்கும் எண்ணம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. சுவாமிமலையிலும் நாச்சியார்கோவிலிலும் அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாருக்கு உற்பத்தி நிலையங்கள் உண்டு. யாரையும் தெரியாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

வார்ப்பைப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் நாளை மாற்ற முடியாது என்பவர்களுக்கு நாச்சியார்கோவில் பொருத்தம். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே நடப்பது மணல் அச்சு வார்ப்பு. பெட்டிக்குள் ஈர மணலை இறுக்கி, விளக்குப் பாகத்தின் மாதிரியை அதில் பதித்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் பித்தளையை ஊற்றுகிறார்கள். காத்திருப்பு அதிகமில்லை. ஊற்றி ஆறியதும் பெட்டியைப் பிரித்து மணலைத் தட்டினால் விளக்கின் தட்டோ தண்டோ கருகிப்போன நிறத்தில் வெளியே வரும். அதைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டி உளியை வைத்த நொடியில் கருப்புத் தோல் உரிந்து பொன்னிறம் தெரியும். சீவல்கள் சுருள் சுருளாகத் தரையில் விழும். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியே வார்த்துக் கடைந்து, திருகிப் பூட்டினால் குத்துவிளக்கு. தொடக்கமும் முடிவும் ஒரே காலைப்பொழுதில் பிள்ளைகளின் கண்ணெதிரே நடந்துவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்த ஊரைத்தான் முதலில் சொல்வேன்.

குறையும் உண்டு. சத்தம், புகை, உலோகத் தூள். மூச்சுத் தொல்லை இருப்பவர்களை உள்ளே அழைத்துச் செல்லாதீர்கள். நாச்சியார்கோவிலோ சுவாமிமலையோ, வார்ப்பு நடக்கும் இடத்துக்கு நைலான் உடையோடு போகக் கூடாது, பருத்திதான் பாதுகாப்பு. கையில் தண்ணீர்ப் பாட்டிலும் கூடாது. கொதிக்கும் உலோகத்தில் தண்ணீர் பட்டால் ஒரு நொடியில் ஆவியாகி உலோகத்தை வெடித்துத் தெறிக்கவிடும். இதைப் பிள்ளைகளுக்குக் காரிலேயே சொல்லிவிடுங்கள், பட்டறை வாசலில் சொன்னால் மனதில் ஏறாது.

நாச்சியார்கோவிலுக்குப் போனால் சீனிவாசப் பெருமாள் கோயிலில் கல் கருடனைச் சேவிக்காமல் வர வேண்டாம். மார்கழியிலும் பங்குனியிலும் புறப்பாட்டின்போது, சந்நிதியிலிருந்து நான்கு பேர் தூக்கும் கருடன் வெளியே வர வர எட்டு, பதினாறு என்று தோள்கள் இரட்டித்துக்கொண்டே போகும். திரும்பும்போது அதே கணக்கில் குறையும்.

திருபுவனத்தைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பகோணம்–மயிலாடுதுறை சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர். நான்கு ஊர்களில் ஏமாற்றாத ஊர் இதுதான், ஏனென்றால் தறி பெரும்பாலும் தினமும் ஓடும். நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம், தீயும் புகையும் இல்லை. வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்கு இதைவிட இலகுவான இடம் கிடையாது. ஆனால் வருகிற குடும்பங்களில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்குள் நுழைந்து, மூன்று மணி நேரம் புடவை பிரித்துப் பார்த்துவிட்டு, தறியைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றன. புடவை வாங்குவது தவறில்லை. நெசவாளிக்கு அதுதான் சோறு. ஆனால் முதலில் தறி, பிறகு கடை என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். தறியைப் பார்த்த கண்ணால் புடவையைப் பார்த்தால் விலை ஏன் அவ்வளவு என்ற கேள்வியே எழாது.

நெசவாளர் வீட்டுக்குள் போனதும் முதலில் காதுக்குத்தான் வேலை. நாடா குறுக்கே பாயும் சத்தம், மிதியின் சத்தம், மேலே ஜக்கார்டு அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரளும் சத்தம். கரையில் வரும் அன்னமும் மயிலும் அந்த அட்டைகளின் துளைகளில்தான் ஒளிந்திருக்கின்றன. பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டிய நூலில், ஓர் இழை அறுந்தால், ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே எது அறுந்தது என்று விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டுவார் நெசவாளி. அதற்காக அவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த ஊர்ப் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசிறி மடிப்பாகப் புடவையை மடிப்பது திருபுவனத்தின் தனி அடையாளம். அதை மடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பக்கத்திலேயே கம்பகரேசுவரர் கோயில், மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என்று வந்த சோழர் பெருங்கோயில் வரிசையில் கடைசியாக எழுந்த விமானம் இதுதான். சரபேசுவரரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் நெரியும். பட்டறை பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுவது நல்லது.

அதே சாலையில் திருவிடைமருதூர், ஆடுதுறை தாண்டிப் போனால் நரசிங்கம்பேட்டை. பலர் பெயர்கூடக் கேள்விப்படாமல் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர். ஆனால் தமிழ்நாட்டில் கல்யாணப் பந்தலில் கெட்டிமேளத்தோடு எழும் நாகசுரத்தின் குரல், பெரும்பாலும் இந்த ஊர்ப் பட்டறைகளில் துளை போட்ட மரத்திலிருந்து வருகிறது.

மரம் ஆச்சா. அதுவும் புதிய மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் வேண்டும். எழுபது, நூறு ஆண்டுகள் வீட்டுக் கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றி, இனி வளையவும் வெடிக்கவும் செய்யாது என்ற நிலைக்கு வந்த மரம். அதைக் கடைந்து, நீளவாட்டில் துளையிட்டு, உள்ளே கூம்பாக விரித்துக்கொண்டு போவார்கள். இந்த உடல் பகுதிக்குப் பெயர் உலவு. கீழே விரிந்திருப்பது அணைசு. மேலே கெண்டை என்ற சிறு உலோகக் குழல், அதன் மேல் வாயில் வைத்து ஊதும் சீவாளி. ஏழு விரல் துளைகளுக்குக் கீழே பிரம்மசுரம் எனப்படும் ஐந்து துளைகள் தனி. உலவைக் கண்ணுக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தைப் பார்த்துவிட்டு, ஆசாரி மறுபடியும் துளைப்பானை எடுப்பார். மயிரிழை அளவு சுரண்டுவார். மறுபடியும் பார்ப்பார். துளை ஒரு பொட்டு அதிகமாகிவிட்டால் சுருதி போய்விடும், மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இந்த ஊருக்கும் திருவாவடுதுறைக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டு போனால் பயணத்துக்குச் சுவை கூடும். நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பக்கத்துத் திருவாவடுதுறைக்காரர். முன்பு வழக்கில் இருந்தது திமிரி, குட்டையான, உச்சக் குரல் கருவி. அதில் சுத்த மத்யமம் என்ற 'ம' சுரத்தைச் சுத்தமாகப் பிடிப்பது வித்வானுக்குப் பெரும்பாடு. ராஜரத்தினம் பிள்ளையின் காதுக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைக்கும் நடந்த நெடிய பேச்சில்தான் அந்தக் குறை தீர்ந்தது. உருவானது பாரி நாகசுரம். நீளம் கூடியது, சுருதி இறங்கியது, சுத்த மத்யமம் தன் இடத்தில் வந்து நின்றது. இன்றைக்குக் கச்சேரி மேடையில் நாம் கேட்பது அந்தக் கருவியைத்தான். சீவாளி செய்பவர்கள் திருவாவடுதுறையிலேயே இருக்கிறார்கள். நாணல் தட்டையைப் பக்குவப்படுத்தி, நறுக்கி, கட்டி, உதட்டுக்கு ஏற்றபடி சீவும் அந்த வேலையையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் செய்கிற குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறைகள். நான்கைந்து பேருக்கு மேல் உள்ளே நிற்க இடமிருக்காது. கடை கிடையாது, போகிற போக்கில் வாங்கிக்கொண்டு வர ஒன்றும் கிடையாது. ஒரு மணி நேரம் நம்மோடு பேசினால் அவருக்கு ஒரு மணி நேர வேலை போகிறது. ஆகவே கிளம்பும்போது வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு தொகையை மரியாதையாக வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். மறுத்தாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுங்கள். வேன் நிறையக் கூட்டத்தோடு இங்கே போகவே கூடாது. சங்கீதத்தில் ஈடுபாடுள்ள மூன்று நான்கு பேர் என்றால், நான்கில் எனக்கு மிகவும் பிரியமான ஊர் இதுதான்.

அரை நாள்தான் கிடைக்கும், தஞ்சாவூரைத் தாண்ட முடியாது என்பவர்கள் அங்கேயே வீணைப் பட்டறைக்குப் போகலாம். பலா மரத்தில் குடத்தைக் குடைவதும், தேன்மெழுகில் கரி சேர்த்த கலவையில் தந்திக்குக் கீழே சுர இடங்களைக் குறிக்கும் இருபத்துநான்கு மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவதும் அருமையான காட்சி. அரண்மனைக் கலைக்கூடத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாமிமலைக்குப் போகிறவர்களும் வழியில் அங்கே ஒரு மணி நேரம் செலவிட வேண்டும் என்பது என் கட்சி. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபாந்திகர், காளையோடு நிற்கும் சிவனின் செப்புத் திருமேனி, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், அங்கேதான் நிற்கிறார். காளையின் மேல் சாய்ந்த கை. ஆனால் காளை இப்போது இல்லை. இல்லாத காளையின் மேல் கை அவ்வளவு இயல்பாகச் சாய்ந்திருக்கிறது. அவரைப் பார்த்துவிட்டு மெழுகு வேலையைப் பார்த்தால், ஸ்தபதி ஒரு முழங்கையின் வளைவுக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பது தானாகப் புரியும்.

இனி நாள் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவாமிமலையைத் திட்டமிடவே வேண்டாம், மண் பூச்சு காயாது. சித்திரை, வைகாசியில் உலைப் பக்கம் நிற்பது பெரியவர்களுக்கு ஆகாது. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஆடி முதல் புரட்டாசி வரையும் நன்றாக இருக்கும், மேட்டூர் திறந்த ஆண்டுகளில் சாலை நெடுக வாய்க்காலில் தண்ணீர் ஓடும், நடவு வயல் பச்சையாக இருக்கும். பல பட்டறைகளிலும் தறிக்கூடங்களிலும் அமாவாசையன்று வேலை கிடையாது. ஆயுத பூசை நாட்களில் கருவிகள் பூசையில் இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். முகூர்த்தம் நெருக்கமாக இருக்கும் வாரங்களில் திருபுவனத்துக் கடைகளில் நிற்க இடமிருக்காது.

நேரத்தையும் சரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கோயில்கள் பெரும்பாலும் உச்சிக்காலத்தோடு நடை சாத்தி, மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். பட்டறைக்காரர்கள் ஒரு மணிக்கு மேல் சாப்பிடப் போய்விடுவார்கள். வார்ப்பு இருந்தால் அதற்குத்தான் முதல் இடம், கோயிலை மாலைக்குத் தள்ளிவிடுங்கள். வார்ப்பு இல்லையென்றால் காலை எட்டு மணிக்குள் தரிசனம், ஒன்பதரைக்குப் பட்டறை. மதியச் சாப்பாட்டைக் கும்பகோணத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, டிகிரி காபியோடு சிறிது உட்கார்ந்துவிட்டு மூன்று மணிக்கு மேல் இரண்டாவது இடத்துக்குப் போகலாம்.

இரண்டு ஊர் வேண்டும் என்றால் திசையைப் பாருங்கள். திருபுவனமும் நரசிங்கம்பேட்டையும் ஒரே சாலை, ஒரே நாளில் நிம்மதியாக முடியும். முதலில் நரசிங்கம்பேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தறியைப் பாருங்கள், கடைக்கு நேரம் குறைவாக இருப்பதும் நல்லதுக்குத்தான். சுவாமிமலை மேற்கே, அதைத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தோடு சேர்க்கலாம், கிழக்கே இழுக்க வேண்டாம். நாச்சியார்கோவில், திருவாரூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது. ரயிலில் வருகிறவர்களுக்குச் சுவாமிமலையில் நிலையம் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. கும்பகோணத்தில் இறங்கி டவுன் பஸ் பிடிப்பதுதான் உறுதி. மூட்டுவலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால் ஒரு நாளைக்கு வாடகைக் கார் எடுத்துவிடுங்கள்.

என்னையே முடிவு செய்யச் சொன்னால், நாளை மாற்றிக்கொள்ள முடிகிறவர்கள் சுவாமிமலையில் வார்ப்பு என்றைக்கு என்று கேட்டு, அந்த நாளுக்கு லீவு போட்டுவிட்டு வர வேண்டும். வேறு எதற்கும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. நாளை மாற்ற முடியாதவர்கள் நரசிங்கம்பேட்டைக்குப் பேசிவிட்டு, திருபுவனத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கூட்டமாக வந்தால் யோசிக்காமல் நாச்சியார்கோவில்.

வார்ப்புக்கென்று வந்து, காலையில் மழை பிடித்து வேலை தள்ளிப்போனால் அவசரப்பட்டு வேறு ஊருக்கு ஓட வேண்டாம். ஸ்தபதியிடம் அன்றைக்கு மெழுகில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஓலை மடிப்பதைக் காட்டச் சொல்லுங்கள். மழை நாளில் உலை வேலை இல்லாததால் அவருக்கும் பேச நேரம் இருக்கும்.

சிலை வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். எடை, உலோகம், செய்த ஊர் எல்லாம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதாகவோ அவர்களே எடுத்துச் செல்வதாகவோ இருந்தால், அது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் சிலையை நிறுத்திவிடுவார்கள். ஏற்றுமதி செய்து பழகிய பட்டறைகளுக்கு இந்த நடைமுறை தெரியும். முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே இதைப் பேசி முடித்துவிடுங்கள், பயணத் தேதிக்கு முன்னால் போதிய அவகாசமும் வைத்துக்கொள்ளுங்கள்.